ஒழுகும் இடமும் சொட்டும் இடமும்

எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மேஜைக்கரண்டி டீசல். அவ்வளவுதான் ஒழுகியது. ஆனால் அந்த இரண்டு கரண்டி ஒரு சின்னப் படகுக்குள் என்ன செய்யும் என்பது, அந்த வாடையோடு ஓர் இரவு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பளிச் சட்டையில் ஏறும், தலையணையில் ஏறும், மூடி வைத்த ரொட்டியில்கூட ஏறும். கடல் லேசாகக் குலுங்கினாலே போதும், வயிற்றைப் புரட்டிவிடும். போன வருடம் முழுக்க என் மனைவி படகின் உள்ளே இறங்கவே இல்லை. மழையிலும் வெளியேதான் உட்கார்ந்து வந்தாள்.

இரண்டு பருவம் இதோடு மல்லுக்கட்டி, போன மாதம்தான் நின்றது. கசிவு எங்கிருந்து வந்தது, ஏன் இத்தனை நாள் கைக்குச் சிக்கவில்லை என்று விவரமாக எழுதிவைக்கிறேன். பழைய டீசல் எஞ்சின் வைத்திருக்கும் யாருக்கும், படகோ பம்ப்செட்டோ, இது உதவும்.

எங்கள் படகு 1986-இல் கட்டியது, 29 அடி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், இப்ஸ்விச் நகரிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆர்வெல் ஆற்றில் நிற்கிறது. பாய்மரப் படகுக்கு எதற்கு எஞ்சின் என்று ஊரில் கேட்காத ஆளில்லை. காற்று விழுந்துவிட்டால் வேண்டும். குறுகலான துறைக்குள் நுழைய வேண்டும். ஆற்றுமுகத்தில் ஃபீலிக்ஸ்டோ துறைமுகம் இருக்கிறது. அங்கே வந்து போகும் கன்டெய்னர் கப்பல்களின் பாதையைவிட்டுச் சட்டென்று விலகவும் வேண்டும். எங்களுடையது ஜப்பானியத் தயாரிப்பு, இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன். உள்ளே இறங்கும் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். படியைக் கழற்றினால் முன்பக்கம் தெரியும். பின்பக்கத்தைப் பார்க்கப் படுக்கைக்கு அடியில் குப்புற நுழைய வேண்டும்.

வாடைகூட இரண்டாம்பட்சம்தான். ஒழுகும் டீசல் எங்கே போகிறது என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. எஞ்சினுக்கு அடியில் சொட்டியது வழிந்து, படகின் ஆகத் தாழ்ந்த குழிக்கு வரும். பில்ஜ் என்பார்கள். மழைநீர், பைப் மூட்டுகளில் கசியும் தண்ணீர் எல்லாம் சேரும் இடம் அதுதான். அங்கே மிதவை வைத்த தானியங்கி ஸ்விட்ச்சோடு ஒரு பம்ப் இருக்கிறது. தண்ணீர் ஓர் அளவு ஏறியதும் தானே ஓடி வெளியே தள்ளும். தண்ணீரோடு டீசலையும் தள்ளும்.

வெளியே என்றால் ஆறு. நீர் வடிந்த நேரத்தில் ஆர்வெலின் இரு கரையிலும் சேறு விரிந்துகிடக்கும். குளிர்காலத்தில் அந்தச் சேறு முழுக்கப் பறவைகள். பவளக்காலியை நான் முதலில் பார்த்தது வேதாரண்யத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது, கோடியக்கரையில். அதே சிவந்த கால், அதே பதற்றமான கூவல், இங்கே என் படகிலிருந்து ஐம்பது அடி தூரத்தில். அது மூக்கை நுழைத்துப் புழு தேடுகிற சேற்றில் என் எஞ்சினின் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மினுங்குவதை ஒருநாள் காலையில் பார்த்தேன். அன்றைக்கே தானியங்கி ஸ்விட்ச்சை அணைத்தேன். எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரை விட்டுவிடும் வெள்ளைத் துணிகள் கடையில் கிடைக்கும். அவற்றைக் குழியில் பரப்பினேன்.

ஆனால் ஸ்விட்ச்சை அணைத்த படகு காவலில்லாத வீடு. நான் இல்லாத இரவில் எங்காவது ஒரு ரப்பர் பைப் பிய்ந்துகொண்டால் தண்ணீரை வெளியேற்ற ஆளில்லை. பெருமழை பெய்த ராத்திரிகளில் எழுந்து, காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் பருவத்தில் எல்லோரும் செய்வதையே செய்தேன். டீசல் ஃபில்டருக்கு அடியில் சொட்டுத் தொங்கியது. அதனால் ஃபில்டரின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். நிற்கவில்லை. போல்ட்டுகளை இன்னும் இறுக்கினேன். அது பெரிய தவறு. டீசல் பைப்புகளை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் நடுவே துளை இருக்கும். பைப்பின் வளையத் தலைக்கு மேலும் கீழும் இரண்டு செம்பு வாஷர்கள் நசுங்கி உட்கார்வதால்தான் டீசல் நிற்கிறது. மரை டீசலைத் தடுப்பதில்லை. எனவே இறுக்க இறுக்க வாஷர் நெளியும், மரை இழுபடும், கசிவு நிற்காது. எனக்கு முன் படகை வைத்திருந்த யாரோ ஒரு போல்ட்டில் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டீசல் பாதையில் அதைச் செய்யவே கூடாது. பிய்ந்த இழை ஒன்று பம்ப்புக்குள்ளோ நாசிலுக்குள்ளோ போனால் ஒரு சொட்டு ஒழுகலைவிடப் பல மடங்கு செலவு வரும்.

பிறகு மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். பார்த்த மாத்திரத்தில், டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்தான் என்றார். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. ஃபீட் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் டீசல் வெளியே மட்டும் ஒழுகாது, எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். அளவுகோலை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், தண்ணீராய் ஓடும், டீசல் வாடை வரும். எங்கள் ஆயிலில் அப்படி ஒன்றுமில்லை. அதைச் சொன்னேன். புதுப் பம்ப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஃபில்டருக்கு அடியில் சொட்டு.

குளிர்காலத்தில் சித்தப்பாவிடம் பேசினேன். ஊரில் நாற்பது வருடம் பம்ப்செட் பார்த்தவர்.

“எங்க ஒழுகுது தம்பி?”

“ஃபில்டருக்குக் கீழ சித்தப்பா.”

“அது சொட்டுற எடம். ஒழுகுற எடத்த கேட்டேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“டீசல் தண்ணி மாரி இல்ல. ஊந்து போவும். மேல எங்கியோ கசிஞ்சி, பைப்பப் புடிச்சிகிட்டே எறங்கி, எங்க எடங் கெடைக்கிதோ அங்கதான் வந்து தொங்கும். எஞ்சினயே மொதல்ல கழுவு. மொகம் கழுவுற மாரி கழுவு. அப்பறம் பாரு. எம்சீல் கிம்சீல் வச்சி அடைச்சிராத.”

“சரி சித்தப்பா.”

“வாசர் புதுசு போட்டியா? போட்டாலும் ஒருக்கா நெருப்புல காட்டிட்டுப் போடு.”

செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். மறுபடி நசுங்கி இடைவெளியை அடைக்காது. கடையில் வாங்கியதிலும் சிலது இறுகியே வரும். மங்கலாகச் சிவக்கும்வரை நெருப்பில் காட்டித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகிவிடும். இரும்பாக இருந்தால் விறைத்திருக்கும். செம்பின் குணம் வேறு. மேலே படிந்த கருப்பைச் சன்னமான உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிட்டுப் போட வேண்டும். வீட்டு அடுப்பில் பத்து வாஷர்களையும் அப்படிச் சுட்டேன். அவற்றைப் போட்டதும் ஃபில்டருக்கு உள்ளே நுழையும் மூட்டில் இருந்த ஈரம் நின்றது. அந்த ஒரு மூட்டு உண்மையிலேயே கசிந்திருக்கிறது. துறையில் கட்டியபடியே ஒரு மணி நேரம் ஓட்டினேன். சொட்டே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரலில் முதல் பயணம். ஹார்விச் துறைமுகம் வரை எஞ்சினில் போய்த் திரும்பினோம். படியைக் கழற்றினால் ஃபில்டருக்கு அடியில் அதே சொட்டு.

அன்று இரவு, எதையும் கழற்றாமல், ஒரு தாளில் டீசல் போகும் வழியை வரைந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. டேங்க்கிலிருந்து முதல் ஃபில்டர். அங்கிருந்து ஃபீட் பம்ப். ஃபீட் பம்ப்பிலிருந்து எஞ்சினோடு ஒட்டிய இரண்டாவது ஃபில்டர். அதிலிருந்து ஒரு இரும்புப் பைப் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்ப். அதன் பிறகு தடித்த ஹை பிரஷர் பைப்புகள், நாசில்கள். நாசிலில் மிஞ்சுவது ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பிவிடும்.

ஃபீட் பம்ப்புக்கு முந்திய பகுதி உறிஞ்சும் பகுதி. எஞ்சின் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் இருமும், தடுமாறி நிற்கும். எங்கள் எஞ்சின் ஒருமுறைகூட இருமியதில்லை. ஆக அந்தப் பகுதியை விட்டுவிடலாம். மறுகோடியில் ஹை பிரஷர் பைப். எங்கள் நாசில் திறப்பதற்கே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 170 கிலோ அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல எழுபது மடங்குக்கும் மேல். அங்கே விரிசல் என்றால் சொட்டாது, புகைபோலப் பீய்ச்சும். அந்தச் சிலிண்டர் வலுவிழக்கும். இங்கே நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும்: ஹை பிரஷர் பக்கம் கசிகிறது என்று சந்தேகம் வந்தால், ஓடும் எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் எஞ்சினில் வலு குறையவில்லை. அட்டையும் காய்ந்தே இருந்தது. மிச்சம் இருப்பது ஃபீட் பம்ப்புக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கும் நடுவே உள்ள துண்டும், ரிட்டர்ன் பைப்பும் மட்டும். இரண்டு வருடம் எஞ்சின் முழுவதிலும் தேடிக்கொண்டிருந்த எனக்கு, தேட வேண்டிய இடம் ஒரு முழத்துக்குள் சுருங்கியது.

சித்தப்பா சொன்னபடி கழுவினேன். எண்ணெய் நீக்கும் திரவம், பல் துலக்கும் பிரஷ், வெந்நீர். ஒரு முழுநாள் போனது. காய்ந்ததும் சமையலறையில் கை துடைக்கும் வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பட்டை சுற்றி, நூலால் கட்டி, எண் போட்டேன். எண்ணைப் பென்சிலால் போடுங்கள். பேனா மை டீசலில் கரைந்து ஓடிவிடும். இங்கே படகுகளுக்குக் கிடைப்பது டிராக்டர்களுக்குப் போடும் அதே சிவப்புச் சாயம் கலந்த டீசல். வரி ஏய்ப்பைப் பிடிப்பதற்காகக் கலந்த சாயம், கசிவைப் பிடிக்கவும் உதவியது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி பட்டாலும் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

துறையில் ஓட்டினால் பதினோரு பட்டையும் வெள்ளை. கியரில் போட்டு, கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, சுமையோடு ஓட்டினேன். அப்போதும் வெள்ளை. கடலுக்குப் போனால் மட்டும் சிவப்பு. துறைக்கும் கடலுக்கும் என்ன வித்தியாசம்? படகு சாய்வதா, சூடா, நேரமா? ஒவ்வொன்றாக யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மனைவி சொன்னாள்: “நீங்க இங்க ஓட்டும்போது சத்தமே வேற மாதிரி இருக்கு.”

ஆமாம். துறையில் பக்கத்துப் படகுக்காரர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் போனதில்லை. கட்டிய கயிறு தாங்காது என்ற பயமும் உண்டு. கடலில், நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது 2,500.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஹார்விச் பக்கம் இறங்கினோம். சுக்கான் அவள் கையில். நான் உள்ளே படியைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்து, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் டார்ச்சோடு உட்கார்ந்தேன். 1,800 சுற்று, 2,000, 2,200. ஒன்றுமில்லை. 2,400-ஐத் தாண்டியதும், ஃபில்டரிலிருந்து இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குப் போகும் அந்த இரும்புப் பைப்பின் விளிம்பு மங்கியது. மற்ற எல்லாப் பைப்பும் கூர்மையாகத் தெரிகின்றன, அது ஒன்று மட்டும் வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டதுபோல இரட்டையாகத் தெரிகிறது. “கொஞ்சம் குறை” என்றேன். குறைத்ததும் தெளிந்தது. “ஏத்து.” மங்கியது. நாலு நிமிடத்தில் பைப்பின் அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு, பம்ப் முனையிலிருந்து ஃபில்டரை நோக்கி ஊர்ந்து வந்து, ஃபில்டரின் அடியில் திரண்டு சொட்டியது.

மேல்பக்கம் காய்ந்திருந்தது. அதனால்தான் மேலிருந்து பார்த்த யார் கண்ணிலும் படவில்லை.

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் கடைசியாகப் பயணம் செய்த நீர்வழியின் முடிவு இந்த ஹார்விச்தான். 1913 செப்டம்பர் 29 இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹார்விச் வரும் ‘டிரெஸ்டன்’ என்ற நீராவிக் கப்பலில் இருந்தார். காலையில் அவர் அறையில் ஆளில்லை. பத்து நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அவர் வந்துகொண்டிருந்தது எங்கள் இப்ஸ்விச்சில் எழும்பிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் ஆலைக்காக. ஹார்விச்சைத் தாண்டும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும். அன்றைக்குக் கூடுதலாகவே வந்தது.

திரும்பி வந்து பைப்பைக் கழற்றினேன். கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. ஒரு முனையை ரப்பர் வைத்து அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்ப்பைச் செருகி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தினேன். குமிழி இல்லை. கையால் லேசாக வளைத்தேன். பம்ப் முனையில், பைப்பும் வளையத் தலையும் பித்தளையால் பற்றவைத்துச் சேரும் கழுத்தில், கடுகுமணி வரிசைபோலக் குமிழிகள் வந்தன. விட்டால் நின்றுவிடும், வளைத்தால் வரும். பைப் அதிர்ந்தால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்.

புதுப் பைப் வாங்கிப் போட்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வருடம் அதுவும் அதே கழுத்தில் விட்டிருக்கும். ஏன் அதிர்ந்தது? எஞ்சின் உடம்பில் பைப்புக்கு நேர் எதிரே, பெயின்ட் அடைத்துப்போன ஒரு துளை இருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே மரை. உதிரிபாகப் படப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு கிளிப் இருக்கிறது. பைப்பை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் வைத்த பிடிப்பு. என்றைக்கோ யாரோ கழற்றியதைத் திருப்பிப் போடவில்லை. பிடிப்பில்லாத பைப் அந்தரத்தில் தொங்கி, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எஞ்சினின் தாளத்தோடு சேர்ந்து ஆட ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் நான்கு ரப்பர் மவுன்ட்டுகளில் ஒன்று சரியாக அந்த ஃபில்டருக்குக் கீழே இருக்கிறது. விரலால் அழுத்தினேன். ஊறிய வடைபோல அமுங்கியது. சொட்டிய டீசலை இரண்டு வருடம் குடித்து ரப்பர் உப்பி இளகிவிட்டது. மவுன்ட் இளகியதால் எஞ்சின் கூடுதலாக ஆடியது. எஞ்சின் ஆடியதால் பைப் கூடுதலாக அதிர்ந்தது. பைப் அதிர்ந்ததால் விரிசல் விரிந்தது, டீசல் கூடுதலாகச் சொட்டியது. முதல் வருடம் அரைக் கரண்டியாக இருந்தது இரண்டாம் வருடம் இரண்டு கரண்டி ஆனதற்குக் காரணம் அதுதான்.

நான்கு மவுன்ட்டையும் மாற்றினேன். எஞ்சின் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரிய பாயின் அடிக்கட்டையைப் படிக்கு நேராக நிறுத்தி, பாய்க்கயிற்றின் கப்பிகளாலேயே எஞ்சினை ஒவ்வொரு மூலையாக ஒரு விரல் அளவு தூக்கினோம். புது மவுன்ட் போட்டால் எஞ்சினின் மட்டம் மாறும். எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த அதிர்வு வேறொன்றை உடைக்கும். இரண்டு தட்டும் சேருமிடத்தில் சுற்றிலும் தகட்டுக் கேஜை நுழைத்து, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை மவுன்ட் நட்டுகளைத் திருகினேன். படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். கரையில் ஏற்றியிருக்கும்போது படகு உடம்பின் வளைவு வேறாக இருக்கும். இரண்டு நாள் பொழுது இதிலேயே போனது. முழு வேலையிலும் பொறுமை அதிகம் கேட்டது இதுதான்.

புதுப் பைப், நெருப்பில் காட்டிய வாஷர்கள், புதுக் கிளிப். பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபீட் பம்ப்பின் அடியில் கையால் அழுத்தும் சின்ன நெம்பு இருக்கும். அழுத்தும்போது எதிர்ப்பே இல்லையென்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே கேம் தூக்கிய நிலையில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை அழுத்தி, இறுக்கினேன். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் அதேபோல. கடைசியாக நாசில் நட்டுகளைக் கால் திருகு தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். இப்படித் திரும்பத் திரும்பச் சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வைத்திருக்க வேண்டும். எஞ்சின் பிடிக்காத நிலையில் புகைக்குழாயில் தண்ணீர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும். எஞ்சின் பிடித்த நொடியில் திறந்துவிட வேண்டும். இரண்டையும் மறக்கக் கூடாது.

பதினோரு பட்டைக் காகிதத்தையும் புதிதாகக் கட்டினேன். நீரோட்டத்துக்கு எதிரே ஹார்விச், அங்கிருந்து வால்டன் கழிமுகம், திரும்பி வீடு. நான்கு மணி நேரம் எஞ்சின். இடையில் வேண்டுமென்றே 2,500 சுற்றில் அரை மணி நேரம் வைத்திருந்தேன். பைப்பின் விளிம்பு மங்கவே இல்லை. துறைக்கு வந்து கட்டியதும் மனைவிதான் முதலில் படியைக் கழற்றினாள். பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேஜையில் எண் வரிசையில் அடுக்கினாள். பதினொன்றும் வெள்ளை.

பில்ஜில் கிடந்த பழைய துணிகளை எடுத்துக் கழிவெண்ணெய்த் தொட்டியில் போட்டேன். குழியைச் சோப்பு போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் வாளியில் மொண்டு அதே கழிவிடத்தில் சேர்த்தேன். மூன்று வாரம் பொறுத்து மறுபடி பார்த்தேன். குழியில் இருந்தது வெறும் மழைநீர். ஒரு காகிதத்தை முக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நிறமில்லை.

தானியங்கி ஸ்விட்ச்சை மறுபடி போட்டேன். மிதவை எழும்பி, பம்ப் ஓடி, தண்ணீர் ஆற்றில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். சேற்றில் பவளக்காலி ஒன்று திடுக்கிட்டு எழுந்து, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தது.